வாத்துக் கூட்டமும் வாகனத்தின் நினைவகமும்: பல த்ரெட்டுகள் பகிரும் தரவை எப்படி நம்புவது?

ஓட்டுநரில்லா வாகனத்தைப் பற்றிய பேச்சில் கேமராவும் லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாரும் செயற்கை நுண்ணறிவும் முன்னே நிற்கின்றன. அவை கண்டறிந்த செய்தி வாகனத்தின் கணினிக்குள் எந்த இடத்தில் எழுதப்படுகிறது, அதை எத்தனை நிரல்கள் படிக்கின்றன, எழுதி முடிக்கும் முன்பே ஒன்று படித்துவிட்டால் என்ன நேரும் என்பவை அரிதாகவே பேசப்படுகின்றன. எதிரே உள்ள தடையைச் சரியாக அடையாளம் கண்ட வாகனமும், அந்தச் செய்தியைத் தன் உறுப்புகளுக்கிடையே குலையாமல் கைமாற்றத் தவறினால், தடையைக் காணாத வாகனத்தைப் போலவே நடந்துகொள்ளும்.

இந்த வாகனங்களின் கணினியில் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடுகின்றன. நிரலாளர்கள் த்ரெட் என்று அழைக்கும் இந்த ஓட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் உண்டு. சுழலும் லைடார் பெரும்பாலும் நொடிக்கு 10 சுற்று சுற்றுகிறது. கேமரா நொடிக்கு 30 படம் தருகிறது. முடுக்கத்தையும் திருப்பத்தையும் அளக்கும் உணரி நொடிக்கு 100 முறையும் அதற்கு மேலும் அளவு சொல்கிறது. ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் இயக்கும் த்ரெட் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை விழித்து முடிவெடுக்கிறது. வாகனம் இப்போது எங்கே நிற்கிறது, சுற்றிலும் என்னென்ன இருக்கின்றன, அடுத்த சில நொடிகளுக்கான பாதை எது என்ற மூன்று செய்திகளையும் ஒரு த்ரெட் எழுத மற்றவை படிக்கின்றன. எழுதும் இடமும் படிக்கும் இடமும் ஒரே நினைவகம். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இந்தச் சிக்கலை எண்ணிப் பார்க்கக் காவிரி டெல்டாவின் சாலைகளைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. ஆகவே சம்பா அறுவடைக் காலத்தில், களம் கிடைக்காத விவசாயிகள் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார்கள். மறுபாதியில்தான் பேருந்தும், அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் லாரியும், வைக்கோல் டிராக்டரும் போக வேண்டும். அதற்கு அப்பால் வாய்க்கால். அறுவடை முடிந்த வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மேய்ச்சலுக்காக ஓட்டிச் செல்லப்படும் வாத்துக் கூட்டம் நூற்றுக்கணக்கில் சாலையைக் கடக்கும். ஓட்டுநரில்லா வாகனம் இங்கே ஓடும் நாள் தொலைவில் இருக்கலாம். இந்தச் சாலை அதன் நினைவகத்தின் மேல் என்ன சுமை ஏற்றும் என்று கணக்கிடுவதற்கு அந்த நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் இருப்பிடத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக ஓர் எண், வடக்கு தெற்காக ஓர் எண், வண்டியின் முகத்திசை, வேகம், அளந்த நேரம் என ஐந்து எண்கள் ஒரு தொகுப்பாக எழுதப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் மொத்தம் 40 பைட். இன்றைய 64 பிட் ப்ராசசர் ஒழுங்காக அமைந்த 8 பைட்டை உடைபடாமல் எழுதிவிடும். 40 பைட்டுக்கு அந்த உறுதி கிடையாது. முதல் எண் புதிதாக எழுதப்பட்டு, இரண்டாவது இன்னும் பழையதாக இருக்கும் கணத்தில் பாதை வகுக்கும் த்ரெட் வந்து படித்தால், வாகனம் ஒருபோதும் இருந்திராத ஓரிடம் அதற்குக் கிடைக்கும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வாகனம் நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. 10 மில்லிநொடிக்கு ஒருமுறை இருப்பிடம் புதுப்பிக்கப்பட்டால், கலப்படத்தால் வரும் பிழை அதிகபட்சம் 10 செ.மீ. அளவுகளின் சிறு பிழைகளைச் சமன்செய்யும் வடிகட்டிக் கணக்குகள் அதைச் செரித்துவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் சாலையோரப் புளியமரங்களின் அடர்த்தியான நிழலில் ஜி.பி.எஸ். குறி தளர்ந்து, வெட்டவெளிக்கு வந்ததும் கணிப்பு ஒரே தாவலில் 2 மீட்டர் திருத்தப்படுகிறது என்றால், அந்த ஒரு கணத்தில் புதிய எண்ணும் பழைய எண்ணும் கலந்து படிக்கப்படுவது ஆபத்தானது. நெல் காயும் சாலையில் 2 மீட்டர் என்பது வாய்க்காலுக்குள் இறங்கும் தூரம்.

இதைவிட மறைவான பிழை தடைகளின் பட்டியலில் இருக்கிறது. சி++ மொழியில் இத்தகைய பட்டியலை வெக்டர் என்ற அமைப்பில் வைப்பது வழக்கம். 64 தடைகளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றும், சோதனைத் தளத்தில் எண்ணிக்கை ஒருபோதும் அதைத் தாண்டவில்லை என்றும் கொள்வோம். வாத்துக் கூட்டம் வருகிறது. 65ஆவது தடையைச் சேர்க்க முயலும்போது வெக்டர் வேறோரிடத்தில் பெரிய நினைவகத்தைக் கேட்டு வாங்கி, பழைய பட்டியலை அங்கே நகலெடுத்துவிட்டுப் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாதை வகுக்கும் த்ரெட்டின் கையில் அப்போதும் பழைய முகவரியே இருக்கிறது. அந்த முகவரியில் பழைய பட்டியல் இன்னும் அழியாமல் கிடந்தால், வாத்துகள் சற்று முன் இருந்த இடத்திலேயே இருப்பதாக அது நம்பும். அதற்குள் வேறொரு த்ரெட் அந்த இடத்தை வாங்கிப் படத்தரவை நிரப்பியிருந்தால், நிறப்புள்ளிகளைத் தூரங்களாக எண்ணிக் கணக்குப் போடும். நிரல் உடனே செயலிழந்து நின்றுவிடுவதே இவற்றுள் நல்ல முடிவு என்பேன். ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும்.

பாதுகாப்புக்கு முதன்மை தரும் நிரலாக்க விதிகள் ஓடும் நேரத்தில் நினைவகம் கேட்டு வாங்குவதைத் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாகனத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் மிஸ்ரா சி விதிகள் அதை அனுமதிப்பதில்லை. தொடக்கத்திலேயே போதிய இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். அது நிறைந்துவிட்டால் எந்தத் தடையை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை முன்பே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். அருகில் உள்ளவற்றுக்கு முதலிடம் என்று யாரேனும் சொல்லிவைக்காவிட்டால், முதலில் கண்ணில் பட்டவையே இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கூட்டம் பெருகும்போது இன்னொன்றும் நடக்கிறது. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் 20 மில்லிநொடியில் முடியும் வேலை, நெல்லும் வாத்தும் டிராக்டரும் நிறைந்த சாலையில் 70 மில்லிநொடி எடுக்கலாம். அதனால் ஒரு த்ரெட் எழுதும் கணமும் மற்றொன்று படிக்கும் கணமும் இடம் மாறுகின்றன. இதுவரை ஒன்றையொன்று சந்திக்காமலே விலகிச் சென்ற இரு செயல்கள் இப்போது ஒரே கணத்தில் மோதுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நல்ல சாலையில் பிழையின்றி ஓடியது என்ற சான்று இத்தகைய பிழைகளைப் பொறுத்தவரை மிகக் குறைவாகவே எதையும் நிரூபிக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் இதன் மிகச் சிறிய வடிவத்தை எந்த மாணவரும் பார்க்கலாம். இரண்டு த்ரெட்டுகள் ஒரே எண்ணைத் தலா 10 லட்சம் முறை ஒன்று கூட்டும்படி எழுதினால், விடை 20 லட்சத்துக்குக் குறைவாகவும் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறாகவும் வரும். ஒன்று கூட்டுவது என்பது படித்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் என மூன்று படிகள். கொள்முதல் நிலையத்தின் ஒரே பதிவேட்டில் இரண்டு பேர் 640 மூட்டை என்று ஒரே நேரத்தில் பார்த்து, இருவருமே 641 என்று எழுதினால் ஒரு மூட்டை கணக்கில் காணாமல் போவதைப் போன்றது இது. டேட்டா ரேஸ் என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான்: குறைந்தது ஒருவராவது எழுதும் இடத்தை, முறைப்படுத்தாமல் இருவர் ஒரே சமயத்தில் தொடுவது.

வரிசை குலைவது இதைவிட வியப்பானது. இருப்பிடத்தை எழுதிவிட்டு, அதன்பின் ‘தயார்’ என்று காட்டும் கொடியை (ஓர் அடையாள எண்ணை) உயர்த்துமாறு நிரலில் எழுதியிருந்தாலும், வேகத்துக்காக, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் ப்ராசசரும் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள உரிமை உள்ளவை. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 ப்ராசசர், எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே மற்றவர்களுக்குக் காட்டுகிறது. வாகனங்களில் மிகுதியாகப் பயன்படும் ஆர்ம் ப்ராசசர் அந்த உறுதியைத் தருவதில்லை. ஆகவே மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல் வாகனத்தில் ஏறியதும் கொடியை முன்னும் தரவைப் பின்னுமாகக் காட்டக்கூடும். பல த்ரெட்டுகளின் செயல்கள் எந்த வரிசையில் நடந்ததாகக் கொள்ளலாம் என்பதற்கு கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1979இல் ஒரு தெளிவான வரையறை தந்தார். ஆனால் சி++ மொழியின் தரநிலை 2011ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் த்ரெட்டுகளுக்கான நினைவக விதிகளைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி, டேட்டா ரேஸ் உள்ள நிரலுக்குப் பொருளே வரையறுக்கப்படவில்லை. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கொடியை, இடையில் உடைபடாமல் ஒரே செயலாகத் தொடப்படும் அட்டாமிக் வகையாக அறிவித்து, எழுதுபவர் ரிலீஸ் முறையிலும் படிப்பவர் அக்வயர் முறையிலும் அதைத் தொட்டால், கொடியைக் கண்டவருக்கு அதற்கு முன் எழுதப்பட்ட தரவும் முழுமையாகத் தெரியும் என்ற உறுதி கிடைக்கிறது. மாறியை அறிவிக்கும்போது வோலட்டைல் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் பாடக்குறிப்புகளில் உலவுகிறது. சி++இல் அது இந்த வேலைக்கானது இல்லை.

பூட்டுப் போடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் செமஃபோர் என்ற கருத்தை வகுத்ததிலிருந்து, ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே காத்திருக்கும் முறை கணினியியலின் அடிப்படையாகிவிட்டது. மியூடெக்ஸ் என்ற பூட்டு தரவைக் காக்கிறது. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. வாகனத்தில் நேரமும் சரியாக இருக்க வேண்டிய ஒன்று.

இதைச் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் 1997ஆம் ஆண்டு ஜூலையில் காட்டியது. தரையிறங்கி வானிலைத் தரவைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி மீண்டும் மீண்டும் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. முன்னுரிமை குறைந்த வானிலை வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிகுந்த, தரவுப் பாதையைப் பகிர்ந்தளிக்கும் வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமை கொண்ட வேலைகள் வந்து வானிலை வேலையை ஓடவிடாமல் ப்ராசசரைப் பிடித்துக்கொண்டன. மிக அவசரமான வேலை, தனக்குத் தொடர்பே இல்லாத நடுத்தர வேலைக்காகக் காத்துக்கிடந்தது. முன்னுரிமைத் தலைகீழ் எனப்படும் இந்தக் கோளாறு புவியில் சோதனையின்போதே தலைகாட்டியிருந்தது; ஆனால் மீண்டும் வரவழைக்க முடியாததால் காரணம் பிடிபடவில்லை. பூட்டைப் பிடித்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் அமைப்பு அந்த இயக்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அது இயங்காத நிலையில் விடப்பட்டிருந்தது. புவியிலிருந்து சிறு மாற்றத்தை அனுப்பி அதை இயக்கியதும் கோளாறு நின்றது.

முன்னுரிமையை மரபாகக் கொடுக்கும் அந்த முறையைக் கணித அடிப்படையில் நிறுவியவர்கள் லுய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர். அவர்களது ஆய்வுக்கட்டுரை 1990இல் வெளிவந்தது. இவர்களில் ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓட்டுநரில்லா வாகன ஆய்வின் முன்னணியில் நின்றவர். 2007இல் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய நகரச் சாலைப் போட்டியில் வென்ற பாஸ் என்ற வாகனம் அந்தப் பல்கலைக்கழகத்தினுடையது. நம் பொறியியல் கல்லூரிகளில் இயக்குதளப் பாடத்தில் முன்னுரிமைத் தலைகீழைக் கற்பிக்கும்போது இந்தத் தொடர்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பூட்டுகள் பெருகினால் ஒருவருக்கொருவர் காத்துக்கிடக்கும் டெட்லாக்கும் வரும். எல்லா த்ரெட்டுகளும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்ற விதியால் அதைத் தவிர்க்கலாம். என் கருத்தில் இதைவிட முக்கியமானது, பகிர்வதையே குறைப்பது. ஒரு தரவுக்கு ஒரே ஒரு த்ரெட்தான் உரிமையாளர், அதுமட்டுமே எழுதும், மற்றவர்களுக்கு எழுதி முடித்த, இனி மாறாத ஒரு நகல்தான் கிடைக்கும் என்ற ஒழுங்கு வந்துவிட்டால், மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை பிறக்கவே வழியில்லை. ரோஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் கட்டமைப்பும், ட்ரோன்களை இயக்கும் பி.எக்ஸ்.4 என்ற திறமூல மென்பொருளும் செய்தி வெளியிடுதல், பெறுதல் என்ற முறையில் அமைந்திருப்பது இந்த நோக்கத்தோடு ஒத்துப்போகிறது. டெல்டாவின் வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும் இருப்பிடமும் திசையும் ஒரே கணத்தினவாக இருப்பது இன்றே தேவை.

நகல் கொடுக்கும் முறைகளில் இரண்டை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். முதலாவது மூன்று பஃபர் முறை; பஃபர் என்பது ஒரு தொகுப்பை வைக்கும் நினைவக இடம். எழுதுபவரிடம் ஒன்று, படிப்பவரிடம் ஒன்று, நடுவில் ஒன்று. எழுதி முடித்தவர் தன்னுடையதை நடுவில் இருப்பதோடு ஒரே அட்டாமிக் செயலில் மாற்றிக்கொள்கிறார். படிப்பவரும் தேவைப்படும்போது அதையே செய்கிறார். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை; படிப்பவருக்கு எப்போதும் முழுமையான கடைசித் தொகுப்பு கிடைக்கும். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் இதுவே போதும்.

இரண்டாவது, லினக்ஸ் இயக்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் பயன்படும் சீக்லாக் முறை. தரவோடு ஒரு வரிசை எண் இருக்கும். எழுதத் தொடங்கும்போது அது ஒற்றைப்படையாகும், முடித்ததும் இரட்டைப்படையாகும். படிப்பவர் முதலில் எண்ணைப் பார்த்து, தரவை நகலெடுத்து, மறுபடி எண்ணைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகவும் இரட்டைப்படையாகவும் இருந்தால் நகல் நல்லது. இல்லையேல் மீண்டும் படிக்க வேண்டும். எழுதுபவரை யாரும் தடுக்க முடியாது என்பது இதன் பலம். ஆனால் எழுதுபவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தால் படிப்பவர் எத்தனை முறை திரும்பப் படிப்பார் என்பதற்கு வரம்பில்லை. பிரேக்கை இயக்கும் த்ரெட்டைப் படிப்பவர் இடத்தில் வைத்தால், முயற்சிகளுக்கு ஓர் எல்லை வைத்து, எல்லை கடந்தால் முந்தைய நல்ல நகலோடு அதன் வயதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது; அவர்களில் சிலர் இறந்தனர். அந்த விபத்துகள் சிலவற்றின் பின்னணியில் இருந்தது பகிர்ந்த மாறிகளில் ஏற்பட்ட ரேஸ். இயக்குபவர் திரையில் தவறைத் திருத்தி விரைவாகத் தட்டச்சு செய்தால் மட்டுமே அது வெளிப்பட்டது. பழகாத கைகளின் மெதுவான சோதனையில் அது தெரியவில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய மின்தடையிலும், எச்சரிக்கை மென்பொருள் ரேஸ் காரணமாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் மௌனமாக இருந்தது பங்காற்றியது. இரண்டிலும் பிழை நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, வேகமோ நிகழ்வுகளின் நெருக்கமோ மாறிய நாளில் விழித்தது.

ஆகவே ஓட்டிப் பார்த்துப் பிழை வரவில்லை என்பதோடு நின்றுவிடாமல், முறைப்படுத்தாத தொடுதல் இருக்கிறதா என்று தேடும் கருவிகள் வேண்டும். கூகுள் உருவாக்கிய த்ரெட்சானிடைசர், இரு தொடுதல்களுக்கிடையே வரிசையை உறுதிசெய்யும் தொடர்பு உண்டா என்று பார்த்து, அந்த ஓட்டத்தில் பிழை விளைவை ஏற்படுத்தாவிட்டாலும் அதைச் சுட்டிக்காட்டுகிறது. அதைப் பயன்படுத்தும்போது நிரல் பல மடங்கு மெதுவாகிறது. அதனால் ஆய்வகத்துக்கே ஏற்றது. ரஸ்ட் மொழி ஒருபடி மேலே சென்று, பாதுகாப்பான பகுதியில் எழுதப்பட்ட நிரலில் டேட்டா ரேஸ் இருந்தால் கம்பைல் செய்யவே மறுக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி வட்டாரத்துப் பொறியியல் மாணவர்கள் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு: அறுவடைக் காலச் சாலையில் சாதாரணக் காரில் கேமராவையும் லைடாரையும் பொருத்திப் பதிவுசெய்த தரவைத் திறமூல ஓட்டு மென்பொருளுக்கு ஆர்ம் ப்ராசசர் கொண்ட கணினிப் பலகையில் ஊட்டிப் பார்ப்பது. ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப ஊட்டினால் போதாது; த்ரெட்டுகளின் இடையிடையே வேண்டுமென்றே தாமதத்தைச் செருகி, அவை ஓடும் வரிசையை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

வன்பொருள் தரப்பில், நினைவகத்தில் ஒரு பிட் தானே புரண்டால் திருத்தும் ஈ.சி.சி. அமைப்பும், இரண்டு ப்ராசசர்கள் ஒரே வேலையைச் செய்து விடைகளை ஒப்பிடும் முறையும் உள்ளன. வாகனங்களின் செயல்பாட்டுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26262 தரநிலை 2011இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்டது. முக்கியத்துவம் குறைந்த மென்பொருள் உறுப்பு முக்கியமான உறுப்பின் நினைவகத்தையோ நேரத்தையோ கெடுக்கக் கூடாது என்பதை அது வலியுறுத்துகிறது. பாட்டுப் பெட்டியின் மென்பொருளும் பிரேக்கின் மென்பொருளும் ஒரே கணினிச் சில்லில் ஓடும் காலத்தில் இது வெறும் தாள் விதியாக இருக்க முடியாது.

பூட்டும் நகலும் வன்பொருளும் எல்லாம் சரியாக இருந்தபின்னும் எஞ்சுவது காலம். லைடார் ஒரு சுற்று முடிக்க 100 மில்லிநொடி ஆகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அதற்குள் வாகனம் 1 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. சுற்றின் தொடக்கத்தில் கண்ட புள்ளியும் முடிவில் கண்ட புள்ளியும் வாகனத்தின் வெவ்வேறு இருப்பிடங்களிலிருந்து பார்த்தவை. இந்தப் பட்டியலை இப்போதைய இருப்பிடத்தோடு சேர்த்தால், இரண்டும் தனித்தனியே உண்மையாக இருந்தும் சேர்ந்து பொய்யாகின்றன. ஆகவே ஒவ்வொரு அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரம் ஒட்டிவர வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் ஐ.இ.இ.இ. 1588 போன்ற நெறிமுறையால் ஒத்திசைக்க வேண்டும். சில நொடிகளின் இருப்பிடங்களை வரிசையாக வைத்திருந்து, லைடார் பார்த்த கணத்துக்குரிய இருப்பிடத்தை இடைக்கணிப்பால் எடுத்துச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு நகலையும் பயன்படுத்தும் முன் அதன் வயதைப் பார்ப்பது கடைசிக் காவல். வயது வரம்பை மீறினால் வாகனம் அந்தத் தரவை மறுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடர்ந்து மீறினால் நிற்க வேண்டும். அந்த வரம்பை நிரலாளர் தன் வசதிக்கேற்ற முழு எண்ணாக வைத்துவிடக் கூடாது. 300 மில்லிநொடி என்று வைத்தால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் 3 மீட்டருக்கு வாகனம் பழைய செய்தியை நம்பி ஓடும் என்று பொருள். அகலம் பாதியாகிவிட்ட சாலையில் எதிரே லாரி வரும்போது அந்த 3 மீட்டர் கிடைக்குமா என்பதைப் பிரேக்கின் தூரமும் சாலையின் நிலையும் அறிந்தவர்கள் நிரலாளரோடு உட்கார்ந்து கணக்கிட்டு, வேகத்துக்கு வேகம் மாறும் வரம்பாக எழுதித் தர வேண்டும்.